சூடேற்றிய அறையில் பிலாட்டீஸ்: பலன் பயிற்சியால் வருவதா, வெப்பத்தால் வருவதா?

கேள்வி – மாலைநடை

அனைவருக்கும் வணக்கம். நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்து வேலை செய்பவள் நான். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கீழ்முதுகு வலிக்காக ஓராண்டுக்கும் மேலாகச் சாதாரண அறையில் மேட் பிலாட்டீஸ் (தரையில் விரித்த பாயின், அதாவது ‘மேட்’டின் மீது, மூச்சோடு இணைத்துச் சிறு அசைவுகளால் வயிறு, முதுகுத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி) செய்து வருகிறேன். வலி முற்றிலும் நீங்கிவிட்டது என்று சொல்ல முடியாவிட்டாலும், காலையில் எழுந்ததும் குனிந்து காலணி அணியத் தயங்கிய நிலை இப்போது இல்லை.

அண்மையில் எங்கள் பயிற்சிக்கூடத்தில் ‘ஹாட் பிலாட்டீஸ்’ என்ற பெயரில் புதிய வகுப்பொன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். அறையின் வெப்பநிலை 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வரை இருக்குமாம். ஈரப்பதமும் கூடுதலாக வைக்கப்படுமாம். இரண்டு மடங்கு கலோரி எரியும், நச்சுகள் வியர்வையோடு வெளியேறும், உடல் வேகமாக வளையும், மனம் லேசாகும் என்றெல்லாம் அறிவிப்பில் எழுதியிருக்கிறார்கள். சில வகுப்புகளுக்குச் சென்று பார்த்தேன். முடிந்து வெளியே வரும்போது உண்மையிலேயே உடலும் மனமும் இலகுவாக இருந்தன. அன்றிரவு நல்ல உறக்கமும் வந்தது. ஆனால் மறுநாள் பிற்பகல் வரை ஒருவித அசதி நீங்கவில்லை. கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராகத் தாங்கும் பிளாங்க் நிலையில் உள்ளங்கை வழுக்கியதால் வயிற்றுத் தசைகளில் கவனம் செலுத்தவே முடியவில்லை.

இந்த வகுப்பைத் தொடரலாமா என்று முடிவெடுக்கும் முன், இதைப் பற்றி அறிந்தவர்களிடம் கேட்க விரும்புகிறேன். அறிவிப்பில் சொல்லப்படும் பலன்களில் எவை வெப்பத்தால் வருபவை, எவை பிலாட்டீஸ் எங்கு செய்தாலும் கிடைப்பவை?

மறுமொழி – இயன்முறை

வணக்கம். இயன்முறை மருத்துவத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் உடல் சார்ந்த பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நீங்கள் கேள்வியைப் பிரித்துக் கேட்டதே சரியான தொடக்கம். விளம்பரங்களில் இரண்டு பலன்களும் ஒரே கணக்கில்தான் எழுதப்படுகின்றன.

1883இல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ், முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் தடுப்பு முகாமில் இருந்த காலத்தில் உருவாக்கத் தொடங்கி, 1920களில் நியூயார்க்கில் குடியேறிய பிறகு முழுமையாக்கிய இந்த முறையில், அறையைச் சூடாக்குவது என்ற கூறே கிடையாது. வெப்பம் பிற்காலத்தில், சூடான அறை யோகாவின் செல்வாக்கால் வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் வந்தது என்பதாலேயே அது தவறாகிவிடாது. ஆனால் பிலாட்டீஸுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வுகளை ஹாட் பிலாட்டீஸுக்கும் அப்படியே சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. உங்கள் முதுகு வலியையே எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட மதிப்பாய்வு, 10 ஆய்வுகளில் பங்கேற்ற 510 பேரின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்து, எதுவும் செய்யாமலோ மிகக் குறைவாகச் செய்தோ இருப்பதைவிடப் பிலாட்டீஸ் கீழ்முதுகு வலியைக் குறைக்கக்கூடும் என்றும், மற்ற உடற்பயிற்சிகளைவிட அது மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றும் முடிவு சொன்னது. அங்கே பேசப்பட்டது சாதாரணப் பிலாட்டீஸ். ஆகவே நீங்கள் இன்று தயக்கமின்றிக் குனிவதற்கான பெருமை, ஓராண்டாக விடாமல் செய்த பயிற்சிக்கே சேரும்.

இனி வெப்பம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். தசையின் வெப்பநிலை உயரும்போது அதன் உள்விறைப்பு குறைகிறது. நரம்புச் செய்திகள் சற்று விரைவாகப் பாய்கின்றன. நீட்டும்போது எழும் எதிர்ப்பும் தளர்கிறது. எனவே மல்லாந்து படுத்த நிலையிலிருந்து முதுகைச் சுருட்டி எழுந்து முன்னால் குனியும் ‘ரோல் அப்’ செய்கையில் தொடைப் பின்தசை இழுத்துப் பிடிக்காமல் கை பாதத்தைத் தொட்டுவிடுகிறது. இது கற்பனை அல்ல. ஆனால் இந்த வளைவில் ஒரு பகுதி தற்காலிகமானது. உடல் குளிர்ந்ததும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். நிலையான வளைவு வாரக்கணக்கில் தொடர்ந்து செய்யும் பயிற்சியால்தான் வரும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘போதும், இதற்கு மேல் வேண்டாம்’ என்று உடல் வழக்கமாகச் சொல்லும் இடம் சூட்டில் சற்றுத் தள்ளிப்போய்விடுகிறது. இயல்பாகவே மூட்டுகள் அதிகம் வளையும் உடல்வாகு உள்ளவர்கள், தசையை நீட்டுவதாக நினைத்துக்கொண்டு எலும்போடு எலும்பை இணைக்கும் நார்களை நீட்டிவிடுவார்கள். தசை மீண்டும் இறுகும். அந்த நார்கள் அவ்வளவு எளிதில் இறுகுவதில்லை.

கலோரி விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. சூடான அறையில் உடலைக் குளிர்விக்க இரத்தத்தின் கணிசமான பங்கு தோலை நோக்கித் திருப்பப்படுகிறது. வியர்வையால் இரத்தத்தின் நீர்மப் பகுதியும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தம் குறைவதால், அதை ஈடுகட்ட இதயம் விரைந்து துடிக்கிறது. தசைகள் கூடுதல் வேலை செய்ததால் உயர்ந்த துடிப்பு அல்ல இது. ஆனால் கையில் கட்டியிருக்கும் கடிகாரத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. துடிப்பை வைத்துக் கணக்கிட்டு அது பெரிய எண்ணைக் காட்டிவிடும். சுமார் 40 டிகிரி வெப்பத்தில் 90 நிமிடங்கள் நடக்கும் பிக்ரம் யோகா என்ற சூடான அறை யோகா வகுப்பில் எரியும் ஆற்றலைக் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முறையாக அளந்தபோது, ஆண்களுக்குச் சராசரியாக 460 கலோரியும் பெண்களுக்கு 330 கலோரியும்தான் வந்தன. அது வேக நடைக்கு ஒப்பான அளவு. வகுப்பு முடிந்ததும் எடைக்கருவி காட்டும் குறைவு நீரின் எடை. இரண்டு குவளை தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும்.

நச்சு வெளியேறுகிறது என்பதையும் விட்டுவிடுங்கள். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகங்களும் செய்கின்றன. வியர்வையில் இருப்பது பெரும்பாலும் நீரும் உப்பும்.

மறுமொழி – தென்றல்

மேலே எழுதியவரின் விளக்கத்தில் பிழை காண எனக்குத் தகுதியில்லை. ஆயினும் சூடான வகுப்புக்குத் தொடர்ந்து செல்பவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். குளிர் காலத்தில் தோளும் இடுப்பும் விறைத்துக்கிடக்கும்போது, சாதாரண வகுப்பின் முதல் கால்மணி நேரம் உடலைப் பழக்குவதிலேயே போய்விடுகிறது. சூடான அறையில் அந்தத் தயக்கம் இருப்பதில்லை. அதைவிட முக்கியமானது, அந்த வகுப்பு எனக்குப் பிடித்திருக்கிறது என்பதே. பிடித்திருப்பதால் தவறாமல் போகிறேன். தவறாமல் போவதால் உடல் வலுப்பெறுகிறது. ‘வெப்பத்தால் நேரடிப் பலன் இல்லை’ என்று ஆய்வு சொன்னாலும், ஒருவரை மேட்டுக்கு வரவழைக்கும் ஆற்றல் அதற்கு இருக்கிறது. இந்தப் பலனை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

வெப்பத்துக்கு உடல் பழகிக்கொள்வதும் ஒரு பயன்தான் என்று படித்திருக்கிறேன். வெயிலில் வேலை செய்பவர்களும் ஓட்டப் பந்தய வீரர்களும் அதற்காகவே தனியாகப் பயிற்சி எடுப்பதில்லையா?

மறுமொழி – பாய்விரிப்பு

இரண்டு வகை வகுப்புகளையும் நடத்தும் பயிற்றுநர் நான். மேட்டின் மீது உண்மையில் என்ன நடக்கிறது என்பதைச் சொன்னால் கேள்வி கேட்டவருக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

பிலாட்டீஸில் பெரும்பாலான அசைவுகள் சிறியவை. ‘ஹண்ட்ரட்’ என்ற பயிற்சியில் மல்லாந்து படுத்து, தலையையும் தோளையும் உயர்த்தி, கால்களை நீட்டி, கைகளை மேலும் கீழுமாக அசைத்தபடி ஐந்து எண்ணிக்கைக்கு மூச்சை இழுத்து ஐந்து எண்ணிக்கைக்கு விட வேண்டும். இப்படிப் பத்துச் சுற்று. இதில் பார்க்க வேண்டியது கையின் வேகம் அல்ல. கீழ்முதுகு தரையிலிருந்து எழும்பிவிடாமல் இருக்கிறதா, மூச்சு விலாவின் பக்கவாட்டில் விரிகிறதா, கழுத்து இறுகுகிறதா என்பதுதான். சாதாரண அறையில் ஏழாவது சுற்றில் முதுகு வளையத் தொடங்கினால், மாணவருக்கே அது தெரிந்துவிடும், முழங்காலை மடக்கிக்கொள்வார். சூடான அறையில் அதே ஏழாவது சுற்றில் வியர்வை காதுக்குள் வழிந்துகொண்டிருக்கும், காற்று கனமாக இருக்கும், மனம் சுற்று எப்போது முடியும் என்பதிலேயே நிற்கும். முதுகு வளைந்தது தெரியாது. களைப்பில் வடிவம் கெடுவது எல்லாப் பயிற்சிகளிலும் உண்டு என்றாலும், வடிவமே பயனாக இருக்கும் பிலாட்டீஸில் அதன் இழப்பு பெரிது.

அதனால் அடிப்படை அசைவுகளைச் சூடான அறையில் கற்றுக்கொள்ள வேண்டாம் என்று புதியவர்களிடம் வெளிப்படையாகவே சொல்வேன். சாதாரண அறையில் சில மாதங்கள் பழகி, இடுப்பை நடுநிலையில் வைப்பது சிந்திக்காமலே வரும் நிலைக்கு வந்தவர்களே சூட்டைக் கூடுதல் சுமையாகத் தாங்க முடியும். மாலைநடை அவர்களுக்கு அந்த அடிப்படை ஏற்கெனவே இருக்கிறது.

உள்ளங்கை வழுக்குவதற்கு மேட்டின் முழு நீளத்துக்கும் உறிஞ்சும் துணியை விரித்துக்கொள்ளுங்கள். அதன் முன்பகுதியைக் கை வைக்கும் இடத்தில் மட்டும் முன்கூட்டியே சிறிது நனைத்துவிட்டால் பிடிப்பு கிடைக்கும். முற்றிலும் உலர்ந்த துணி மேட்டின் மேல் நகரும். அப்படியும் வழுக்கினால் முன்கையை ஊன்றிய பிளாங்கே போதும். வயிற்றுத் தசைகளுக்கு அதனால் வேலை குறைவதில்லை. நகரும் தளம் கொண்ட ரிஃபார்மர் என்ற பிலாட்டீஸ் கருவியைச் சூடான அறையில் நான் பயன்படுத்துவதில்லை. ஸ்பிரிங் இழுவிசையில் நகரும் தளத்தின் மேல், ஈரமான பாதம் கம்பியிலிருந்து நழுவினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படுத்த நிலையிலிருந்து எழும் நேரமே நான் மிகவும் கவனமாக இருக்கும் நேரம். தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும் நிலையில் சட்டென்று எழுந்து நின்றால் இரத்தம் கால்களில் தங்கி, மூளைக்குச் செல்லும் அளவு ஒரு நொடி குறைந்துவிடும். கண் இருட்டிக்கொண்டு வரும். ஒருக்களித்துப் படுத்து, உட்கார்ந்து, இரண்டு மூன்று மூச்சுக்குப் பிறகு எழுந்திருங்கள். பயிற்றுநர் அவசரப்படுத்தினாலும் அவசரப்படாதீர்கள்.

மாலைநடை

அனைவருக்கும் நன்றி. உடல் பற்றிய பகுதி தெளிவாகிவிட்டது. மனம் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. என்னுடன் வர விரும்பும் தோழி ஒருத்தி மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறாள். வகுப்பு அவளுக்கு நல்லது செய்யும் என்ற எண்ணத்தில்தான் அழைத்தேன். இப்போது யோசனையாக இருக்கிறது.

மறுமொழி – உள்மூச்சு

மனநலத் துறையில் பணிபுரிகிறேன். இதைப் பற்றிய சான்றுகள் நீங்கள் எதிர்பார்ப்பதைவிடச் சுவையானவை; அதே அளவுக்கு எச்சரிக்கையோடு படிக்க வேண்டியவையும்கூட.

வெப்பமே மனநிலையை மாற்றுகிறதா என்பதை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று 2016இல் ‘ஜாமா சைக்கியாட்ரி’ என்ற மனநல மருத்துவ இதழில் வெளிவந்தது. மனச்சோர்வு உள்ளவர்களைப் படுக்கவைத்து, உடலின் உள்வெப்பநிலை 38.5 டிகிரியை எட்டும் வரை ஒரே ஒரு முறை சூடேற்றினார்கள். ஒப்பீட்டுக் குழுவினருக்கு அதே கருவியில் போலியான, மிதமான சூடு மட்டும் தரப்பட்டது. உண்மையில் சூடேற்றப்பட்டவர்களின் மனச்சோர்வு மதிப்பெண் கூடுதலாகக் குறைந்தது. அந்த வேறுபாடு ஆறு வாரங்கள் வரை நீடித்தது. பங்கேற்றவர்கள் சுமார் முப்பது பேரே என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இங்கே உடற்பயிற்சி எதுவும் இல்லை, வெப்பம் மட்டுமே என்பதுதான் இந்த ஆய்வின் முக்கியத்துவம்.

அடுத்தது, 2023இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்டது. மனச்சோர்வு உள்ள 80 பேரில் ஒரு பகுதியினர் எட்டு வாரங்களுக்குச் சுமார் 40 டிகிரி வெப்பத்தில் யோகா வகுப்புகளுக்குச் சென்றார்கள். மற்றவர்கள் காத்திருப்புப் பட்டியலில் இருந்தார்கள். வகுப்புக்குச் சென்றவர்களில் 59 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன; காத்திருந்தவர்களில் அது 6 விழுக்காடு. எண்களைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஆனால் ஒப்பீட்டுக் குழுவினர் சாதாரண அறையில் யோகா செய்யவில்லை, வெறுமனே காத்திருந்தார்கள். ஆகவே பலன் வெப்பத்துக்கா, அசைவுக்கா, வாரந்தோறும் நான்கு பேரைப் பார்த்துப் பேசியதற்கா என்பதை அந்த ஆய்வை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

அப்படிப் பிரித்துப் பார்க்கும் அமைப்பு இதயம் சார்ந்த ஓர் ஆய்வில் இருந்தது. டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில், உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத 40 முதல் 60 வயது வரையிலானவர்களை 12 வாரங்கள் ஒரே யோகா வரிசையைச் செய்யவைத்தார்கள். ஒரு குழு 40.5 டிகிரியில், மற்றொரு குழு 23 டிகிரியில். இரத்தக் குழாய் விரியும் திறன் இரண்டு குழுக்களிலுமே மேம்பட்டது. வெப்பம் இல்லாமலும் அந்தப் பலன் கிடைத்தது என்று 2018இல் எழுதினார்கள். மனநிலைக்கும் இதே போன்ற நேர்ஒப்பீடுதான் தேவை.

என் கருத்தைச் சொல்கிறேன். சூடான அறையில் கவனம் சிதறுவது கடினம். அலுவலகத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று அசைபோட அங்கே இடமில்லை. மூச்சும் அடுத்த அசைவுமே மனத்தை நிரப்பிவிடுகின்றன. வகுப்புக்குப் பிறகு உடல் வெப்பநிலை மெல்ல இறங்குவதும் உறக்கத்துக்குத் துணைசெய்யும். உறங்கத் தொடங்கும்போது உடலின் உள்வெப்பம் இயல்பாகவே குறைகிறது, வெந்நீர்க் குளியலுக்குப் பின் தூக்கம் வருவதும் இதனால்தான். ஆனால் சிலருக்கு இது நேர்மாறாக அமையும். பதற்ற நோய் உள்ளவர்களுக்குப் படபடப்பு, மூச்சுத் திணறல், முகத்தில் சூடு ஆகிய மூன்றும் பீதி எழுவதற்கான அறிகுறிகளாகவே தோன்றும். கதவை மூடிய அறையில் அவர்களை ‘தாங்கிக்கொள்ளுங்கள்’ என்று ஊக்குவிப்பது உதவி ஆகாது.

உங்கள் தோழிக்கு வருகிறேன். மாத்திரை எது என்பதைப் பொறுத்தே முடிவெடுக்க வேண்டும். மனச்சோர்வுக்கான சில மருந்துகள் வியர்வையைக் கூட்டும். பழைய வகை மருந்துகள் சில வியர்வையைக் குறைத்து உடல் குளிர்வதைத் தடுக்கும். அவர் லித்தியம் என்ற மனநிலையைச் சீராக்கும் மருந்தை எடுத்துக்கொள்பவராக இருந்தால் இந்த வகுப்பே வேண்டாம். நீரும் உப்பும் இழக்கும்போது இரத்தத்தில் லித்தியத்தின் அளவு நச்சுநிலைக்கு உயரக்கூடும். எதுவானாலும் மருந்து எழுதித் தந்த மருத்துவரிடம், ‘37 டிகிரி அறையில் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்யலாமா’ என்று வெப்பநிலையையும் நேரத்தையும் சொல்லியே கேட்கச் சொல்லுங்கள். ‘பிலாட்டீஸ் செய்யலாமா’ என்று மட்டும் கேட்டால் எந்த மருத்துவரும் தாராளமாகச் செய்யுங்கள் என்றுதான் சொல்வார்.

மறுமொழி – இயன்முறை

தென்றல் கேட்ட கேள்விக்குப் பதில் பாக்கியிருக்கிறது. வெப்பத்துக்கு உடல் பழகுவது உண்மையான மாற்றம்தான். இரத்தத்தின் நீர்மப் பகுதி பெருகுகிறது, வியர்வை முன்கூட்டியே தொடங்குகிறது, அதில் உப்பு குறைகிறது, அதே வேலைக்கு இதயத் துடிப்பு தணிகிறது. ஆனால் இவை நிகழ ஒன்று முதல் இரண்டு வாரங்கள் வரை ஏறக்குறைய நாள்தோறும் வெப்பத்தில் உழைக்க வேண்டும். நிறுத்தினால் சில வாரங்களில் மறைந்தும்விடும். வாரம் ஒரு முறை செல்லும் வகுப்பில் இதைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பிடித்திருப்பதால் தவறாமல் போகிறேன் என்று சொன்னீர்கள். அதை நான் மறுக்கவே மாட்டேன்.

யாரெல்லாம் தவிர்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கருவுற்றிருப்பவர்கள், அதிலும் முதல் மூன்று மாதங்களில் இருப்பவர்கள். உள்வெப்பநிலை 39 டிகிரியைத் தாண்டுவது கருவின் நரம்புக்குழாய் (பின்னர் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகும் பகுதி) வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்பதால், அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி சூடான யோகாவையும் சூடான பிலாட்டீஸையும் பெயர் சொல்லியே தவிர்க்கச் சொல்கிறது. இதய நோய் உள்ளவர்கள், முன்பு வெப்பத்தால் மயங்கி விழுந்தவர்கள், உடல் சூடானால் அறிகுறிகள் கூடும் மல்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்கள் ஆகியோரும் விலகியிருக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பெருக்கும் மாத்திரையோ துடிப்பைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நுழையக் கூடாது.

உங்கள் மறுநாள் அசதிக்கு நீரிழப்பே காரணம் என்று ஐயப்படுகிறேன். வகுப்புக்கு முன்னும் பின்னும் உலர்ந்த உடலோடு எடை பாருங்கள். இடையில் குடித்த நீரையும் கணக்கில் சேருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறீர்கள். அதைவிடச் சற்றுக் கூடுதலாக, அடுத்த சில மணி நேரங்களில் சிறிது சிறிதாக, உணவோடும் உப்போடும் சேர்த்து ஈடுசெய்யுங்கள். ஒரே மூச்சில் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல், குழப்பம் என்று வரும்.

மறுமொழி – பாய்விரிப்பு

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அறிவிப்பில் உள்ள 35 டிகிரி எங்கே அளக்கப்பட்டது என்று பயிற்சிக்கூடத்தில் கேளுங்கள். சூடான காற்று மேலே செல்வதால், தரையில் படுத்திருப்பவருக்கும் நின்றுகொண்டு சொல்லித்தரும் பயிற்றுநருக்கும் வெப்பம் ஒன்றாக இருக்காது. நிற்கும் பயிற்சிகளுக்கு மாறும்போது தலை திடீரென்று அதிகச் சூட்டுக்குள் நுழையும். அகச்சிவப்புத் தகடுகளால் சூடேற்றும் அறைகளில் காற்றின் வெப்பமானி குறைவாகக் காட்டினாலும், தகட்டின் நேர் கீழே இருப்பவரின் தோல் அதைவிடச் சூடாகும். ஈரப்பதத்தையும் கேளுங்கள், ஆவியாகும் வியர்வைதான் உடலைக் குளிர்விக்கும், மேட்டில் சொட்டி விழுவது எதையும் குளிர்விப்பதில்லை. வெப்பம் வெளியேறிவிடும் என்று காற்றோட்டத்தையும் அடைத்துவைத்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான பதில் இருந்தால், வாரத்தில் இரண்டு வகுப்புகளைச் சாதாரண அறையிலேயே வைத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் சூடான அறையில், கதவுக்கு அருகில் மேட்டை விரித்துச் செய்து பாருங்கள். கடினமான புதிய அசைவுகளைச் சாதாரண வகுப்புக்கு ஒதுக்கிவிடுங்கள்.